மூன்று பேர் ஆட்டும் பொம்மையும் ஒரு புகைப்படக்காரரும்



போன பொங்கல் விழாவன்று நம் கிளப் ஹவுஸில் குழந்தைகள் ஆடியது உங்களுக்கு நினைவிருக்கும். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடை தெரியவில்லை. முன்னால் தூக்கிப் பிடித்த போன்கள்தான் தெரிந்தன. அவற்றின் சின்னத் திரைகளில் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிரவே நம் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் மழையாகக் கொட்டின. இப்போது அவற்றில் ஒன்றை உங்களால் தேடி எடுக்க முடியுமா? குறையாகச் சொல்லவில்லை. என் பேத்தி ஆடியபோது நானும் எழுந்து நின்று எடுத்தவன்தான்.

அன்றிரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது ஒரு ஜப்பானியரின் நினைவு வந்தது. அவர் பெயர் டோமோன் கென். ஜப்பானில் குடும்பப் பெயரை முதலில் சொல்வார்கள் என்பதால் அவரை டோமோன் என்றே அழைக்கிறேன். அந்த நாட்டில் அவர் பெயரைத் தெரியாத புகைப்படக்காரர் இருக்க மாட்டார். நம் பக்கத்தில் அவ்வளவாகத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. மகள் ஒசாகாவில் இருந்தபோது இரண்டு மாதம் போயிருந்தேன். அங்கே ஒரு பொம்மலாட்டத்துக்கு அழைத்துப்போனாள். ஆட்டத்தைப் படம் எடுக்கக் கூடாது என்றார்கள். அடுத்த வாரம் நூலகத்தில் அதே ஆட்டத்தின் கறுப்பு வெள்ளைப் படங்கள் கொண்ட புத்தகம் ஒன்றை என் முன்னால் வைத்தாள். அன்று மாலை வரை அதை மூடவில்லை.

டோமோன் 1909-ஆம் வருடம் அக்டோபர் 25 அன்று பிறந்தார். ஊர் ஜப்பானின் வடக்கே யமகாத்தா மாவட்டத்தில் உள்ள சகாத்தா என்னும் துறைமுக நகரம். குளிர்காலத்தில் கடல் காற்றும் பனியும் ஆளைத் தள்ளும் இடம். சிறு வயதிலேயே குடும்பம் பிழைப்புக்காகத் தெற்கே வந்துவிட்டது. தோக்கியோ, பிறகு யோக்கஹாமா என்று இடம் மாறிய வாழ்க்கை, கையில் காசு நிற்காத வீடு. பையனுக்கு ஓவியனாக வேண்டும் என்று ஆசை. வண்ணம் வாங்கவும் வழியில்லாத வீட்டில் அந்த ஆசை எத்தனை நாள் நிற்கும்? கல்லூரிப் படிப்பும் பாதியில் நின்றது. 1933-இல் தோக்கியோவின் உவேனோ பகுதியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அப்போது வயது 23. தொழில் கற்க வந்தவர்களில் அவர்தான் கொஞ்சம் முற்றிய பையன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

1935-இல் ‘நிப்பான் கோபோ’ என்ற நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஜப்பானை வெளிநாட்டாருக்குக் காட்டும் பத்திரிகை ஒன்றை அவர்கள் நடத்திவந்தார்கள். டோமோன் அங்கே காமிராவைக் கையில் எடுத்தபோது ஒரு பயிற்சி செய்தார் என்று சொல்வார்கள். பிலிம் போடாத காமிராவைப் படுக்கைவாட்டில் 500 தடவை, நெட்டுவாட்டில் 500 தடவை தினமும் கண்ணுக்குத் தூக்கிப் பொத்தானை அழுத்துவாராம். பிலிம் வாங்கப் பணம் இல்லாதவனுக்குக் கையைப் பழக்குவதுதான் வழி. வங்கியில் சேர்ந்த புதிதில், வெட்டிய காகிதக் கட்டை வைத்துக்கொண்டு நோட்டு எண்ணப் பழகிய எங்களுக்கு இது புரியும்.

1939-இல் அவர் அரசுச் சார்புள்ள ஒரு கலாசார அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தார். அதே வருடம் நாரா பக்கத்து மலையில் இருக்கும் முரோஜி என்ற பழைய பௌத்தக் கோயிலுக்கு முதல் தடவையாகப் போனார். அந்தக் கோயிலைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கடைசியில் மறுபடி வருகிறது.

இனி பொம்மைகளுக்கு வருவோம்.

ஒசாகாவின் பொம்மலாட்டத்துக்குப் புன்ராக்கு என்று பெயர். பொம்மலாட்டம் என்றதும் குழந்தைகளுக்கானது என்று நினைக்க வேண்டாம். கடன், காதல், மானம், தற்கொலை என்று எல்லாம் பெரியவர்கள் சமாச்சாரம். 1711-இல் சிக்கமாத்சு என்ற பெரும் நாடகாசிரியர் எழுதிய ஒரு நாடகத்தில், பணத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுசேர்க்கும் தொழில் செய்யும் இளைஞன், வாடிக்கையாளரின் 300 பொன் கட்டிய பொட்டலத்தின் முத்திரையை உடைத்து, தான் விரும்பிய பெண்ணை மீட்கச் செலவழித்துவிடுகிறான். அதற்குத் தண்டனை மரணம். கதையை மகள் சொல்லக் கேட்டபோது, முப்பத்தைந்து வருடம் பிறர் பணத்தை எண்ணிய எனக்கு முதுகு சில்லிட்டது.

பொம்மை ஒரு மீட்டருக்கு மேல் உயரம் இருக்கும். ஒரு பொம்மைக்கு மூன்று பேர். தலைமை ஆட்டக்காரர் தலையையும் வலது கையையும் பார்த்துக்கொள்வார். இரண்டாமவர் இடது கை. மூன்றாமவர் கால். கால் பிடிக்கப் பத்து வருடம், இடது கைக்குப் பத்து வருடம், அப்புறம்தான் தலை என்பது அவர்கள் கணக்கு. பெண் பொம்மைகளுக்குப் பெரும்பாலும் காலே கிடையாது. கால் ஆட்டுபவர் உடையின் ஓரத்தைக் கைவிரல்களால் அசைத்தே அவள் நடப்பதாகவும் மண்டியிடுவதாகவும் நம்மை நம்பவைப்பார். மூவரும் மேடையில் நம் கண் முன்னாலேயே நிற்கிறார்கள். தலைமை ஆட்டக்காரர் பல காட்சிகளில் முகம் திறந்து நிற்பார். மற்ற இருவரும் தலையோடு கறுப்புத் துணி போர்த்தியிருப்பார்கள். பக்கவாட்டு மேடையில் ஒருவர் எல்லாப் பாத்திரங்களின் குரலிலும் கதையைப் பாடிச் சொல்ல, அருகில் ஒருவர் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டுவார்.

டோமோன் 1941 முதல் 1943 வரை ஒசாகாவின் யோத்சுபாஷியில் இருந்த புன்ராக்கு அரங்குக்குப் போய்ப் போய் இதைப் படமெடுத்தார்.

அந்த வருடங்களைக் கவனியுங்கள். ஜப்பான் பெரும்போரில் இறங்கிய காலம் அது. பிலிம் தட்டுப்பாடு. காமிரா பிடித்தவர்கள் எல்லாரும் வீரர்களையும் விமானங்களையும் எடுத்து நாட்டுக்கு உதவ வேண்டும் என்று எதிர்பார்த்த காலம். அந்த நேரத்தில் ஒருவர் மரப் பொம்மைகளின் முன்னால் காமிராவை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தார். 1943-இல் வெளிநாட்டுப் பிரசாரப் பத்திரிகைகள் நடக்கும் விதத்தைக் குறைகூறி ஒரு கட்டுரை எழுதினார். வேலை போயிற்று. குடும்பம் நடத்த வேண்டியவர் அவர் என்பதை நீங்களும் நானும் மறக்கக் கூடாது. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வருவது எப்படி என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன்.

அந்தப் படங்களை எடுப்பது எவ்வளவு சிரமம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். நம்மில் பிலிம் காமிரா பிடித்தவர்கள் உடனே புரிந்துகொள்வீர்கள். அன்றைய கறுப்பு வெள்ளைப் பிலிம், இன்றைய போனின் முன்னால் மாட்டுவண்டி. வெளிச்சம் நிறைய வேண்டும். மேடையிலோ விளக்கு குறைவு. வெளிச்சம் போதாவிட்டால் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். அப்படித் திறந்து வைத்தால் அசைவதெல்லாம் புகையாகக் கலைந்துவிடும். லென்ஸை அகலத் திறந்தால் பொம்மையின் மூக்கு தெளிவாக இருக்கும், காது மங்கிவிடும்.

இதற்கு மேல் இன்னொரு தொல்லை. பொம்மையின் முகம் சிப்பிப்பொடி பூசிய வெள்ளை. பின்னால் நிற்பவர்கள் கறுப்பு. வெள்ளை முகத்துக்கு வெளிச்சத்தை அளந்தால் ஆட்டுபவர்கள் இருட்டில் கரைந்துபோவார்கள். அவர்களுக்காக அளந்தால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிடும். புருவமும் போய்விடும், உதட்டின் சோகமும் போய்விடும். எடுத்தது சரியா என்று அங்கேயே பார்க்கவும் வழியில்லை. இருட்டறைக்குப் போய் மருந்தில் முக்கி எடுத்த பிறகே தெரியும்.

அப்படியானால் என்ன செய்வது? ஆட்டத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். எந்த இடத்தில் பாடகர் மூச்சு வாங்குவார், எந்த அடியில் பொம்மை திரும்பி ஒரு கணம் உறையும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பொத்தானை அழுத்தும் ஒரு நொடிக்காகப் பல மாதம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நம் கிளப் ஹவுஸில் நானும் நீங்களும் செய்ததற்கு நேர் எதிர் வேலை இது. நாம் பார்க்காமல் எடுத்தோம்.

அவர் மேடையோடு நிற்கவும் இல்லை. ஒப்பனை அறைக்கும் போனார். ஆட்டக்காரர்களையும் பாடகர்களையும் எடுத்தார். பொம்மைத் தலைகளைத் தனித்தனியாக, மனிதர்களை எடுப்பது போல நெருங்கி எடுத்தார். அந்த நாட்களில் அந்த மேடையின் இரண்டு பெரிய தூண்கள் யோஷிதா புங்கோரோ, யோஷிதா எய்சா. இருவருக்கும் எழுபது வயது ஆகியிருந்தது. புங்கோரோ பெண் பொம்மைகளுக்குப் பேர்போனவர். எழுபது வயதுக் கிழவரின் கைக்குள் ஓர் இளம்பெண் அழுவாள்.

1945 மார்ச்சில் ஒசாகா மீது குண்டு மழை பொழிந்தது. யோத்சுபாஷி அரங்கு எரிந்தது. அங்கே இருந்த பொம்மைத் தலைகளிலும் உடைகளிலும் பெரும்பகுதி சாம்பல். தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்தவை அவை. அதே வருடம் எய்சாவும் காலமானார். அரங்கைப் பிறகு மீண்டும் எழுப்பினார்கள், புதிய தலைகளும் செதுக்கினார்கள், கலை பிழைத்துக்கொண்டது. 2003-இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பெருஞ்செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. ஆனால் எரிவதற்கு முன் அந்த அரங்கின் வாழ்க்கை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால், டோமோன் எடுத்த படங்களிடம் போகலாம். எரியப்போகிறது என்று தெரிந்து அவர் எடுக்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியும்? பிடித்திருந்தது, எடுத்தார். அவ்வளவுதான்.

அந்தப் படங்களை உடனே புத்தகமாகவும் போடவில்லை. ‘புன்ராக்கு’ என்ற தொகுப்பு வெளிவந்தது 1972-இல். எடுத்து முடித்து ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து.

நடுவில் அவர் சும்மா இருக்கவில்லை. எழுத்தாளர், ஓவியர், நடிகர் என்று அந்தக் காலத்துப் பெரியவர்களின் முகங்களை எடுத்து 1953-இல் தொகுப்பாக்கினார். மனிதர் திருப்தியாகும்வரை விடமாட்டார். உமெஹாரா ரியூசபுரோ என்ற ஓவியர் பொறுமை இழந்து, படம் எடுத்து முடிந்ததும் தான் உட்கார்ந்திருந்த பிரம்பு நாற்காலியைத் தூக்கித் தரையில் அடித்தார் என்பது அங்கே எல்லாரும் சொல்லும் கதை. அடித்ததைப் பார்த்த பிறகும் டோமோன் இன்னொரு படம் எடுக்கத் தயாரானாராம். 1950 முதல் ஒரு காமிராப் பத்திரிகையில் மாதப் போட்டிக்கு நடுவராக இருந்து, ஜோடனை இல்லாமல் எதிரே இருப்பதை எடுங்கள் என்று நாடெங்கும் உள்ள அமெச்சூர் படக்காரர்களுக்கு வற்புறுத்தினார். 1958-இல் ‘ஹிரோஷிமா’ வந்தது. குண்டு விழுந்து பல வருடம் ஆன பிறகும் மருத்துவமனைக் கட்டிலை விட்டு எழ முடியாதவர்களைப் பற்றியது. 1960-இல், சுரங்கங்கள் மூடிப்போன சிக்குஹோ நிலக்கரிப் பகுதியின் குழந்தைகளைப் பற்றி இன்னொரு புத்தகம். அதை வேண்டுமென்றே மலிவுத் தாளில் அச்சடித்து 100 யென்னுக்கு விற்றார்கள். ஏழைகளைப் பற்றிய புத்தகத்தை ஏழைகளும் வாங்க வேண்டுமே.

அந்தச் சமயத்தில்தான், ஐம்பது வயதை எட்டியபோது, மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு வலது பக்கம் விழுந்தது.

இங்கே என் கதையைக் கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு வந்த பக்கவாதம் உங்களில் பலருக்குத் தெரியும். நள்ளிரவில் லிஃப்ட்டைப் பிடித்து நிறுத்தி ஆம்புலன்ஸில் ஏற்றியது நம் செக்யூரிட்டித் தம்பிகள்தான். கால் திரும்பிவிட்டது, பேச்சும் திரும்பிவிட்டது. வலது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. நான் இன்னும் பராமரிப்புக் கட்டணத்தைச் செக்காகத்தான் கொடுக்கிறேன். நான்கு மாதம் கழித்து நான் கொடுத்த முதல் செக் திரும்பி வந்தது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை. பொருளாளர் அதை என்னிடம் கொடுக்கச் சங்கடப்பட்டு, செய்தித்தாளுக்குள் வைத்து நீட்டினார்.

வங்கி செய்தது சரி. விதி அது. ஆனால் அன்று எனக்கு ஞாபகம் வந்தது வேறு. நான் கவுண்டரில் இருந்த காலத்தில், கை நடுங்கும் ஒரு பென்ஷன்காரர் மூன்று தடவை கையெழுத்துப் போட்டும் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். பின்னால் நீண்ட வரிசை. நான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. கார்டில் இருந்த கையெழுத்தைத்தான் பார்த்தேன். மறுபடி அவர் வந்தாரா என்பது நினைவில்லை. நான் கவனிக்கவில்லை என்பதே உண்மை.

டோமோன் என்ன செய்தார்? சின்னக் காமிராவைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடி எடுப்பது இனிமேல் நடக்காது என்று ஆகிவிட்டது. பெரிய காமிராவை முக்காலியில் நிறுத்தினார். பழைய கோயில்கள் பக்கம் திரும்பினார். இருட்டான மண்டபத்தில் லென்ஸின் துளையைச் சிறிதாக்கி, ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு, உதவியாளர்கள் நாலு பக்கமிருந்தும் பிளாஷ் பல்பு அடிக்க, புத்தர் சிலைகளை எடுத்தார். ‘பழங்கோயில் யாத்திரை’ என்று 1963-இல் தொடங்கிய அந்த வரிசை, 1975-இல் ஐந்தாவது தொகுதியோடு முடிந்தது. இடையில் 1968-இல் இரண்டாவது தடவை விழுந்தார். அதன் பிறகு சக்கர நாற்காலிதான். இடது கையால் எழுதவும் வரையவும் பழகினார். உதவியாளர்கள் மலைப்படிகளில் அவரைச் சுமந்துகொண்டு போனார்கள். பொம்மையை மூன்று பேர் ஆட்டுவது போல, கடைசிக் காலத்தில் அவரையும் பலர் கூடித்தான் நடத்தினார்கள். கண் மட்டும் அவருடையது.

முரோஜி கோயிலுக்கு வருகிறேன். 1939-இல் தொடங்கி நாற்பது வருடம் அங்கே போய்க்கொண்டே இருந்தார். பனி மூடிய முரோஜிதான் அழகு என்று கோயிலின் மூத்த குருக்கள் அவரிடம் சொல்லியிருந்தார். ஆனால் டோமோன் போகும்போதெல்லாம் பனி பெய்யவில்லை. 1978-இல் பிடிவாதமாகக் காத்திருந்தார். மார்ச் பிறந்துவிட்டது, இனி எங்கே என்று எல்லாரும் நினைத்த நேரத்தில், ஒரு காலையில் கண் விழித்தால் வெளியே வெள்ளை. சக்கர நாற்காலியில் இருந்தபடி அந்தப் படங்களை எடுத்தார். அடுத்த வருடம், 1979-இல், மூன்றாவது தடவையாக விழுந்தார். நினைவு திரும்பவே இல்லை. பதினோரு வருடம் அப்படியே இருந்து, 1990 செப்டம்பர் 15 அன்று காலமானார்.

தான் எடுத்தவை எல்லாவற்றையும் பிறந்த ஊரான சகாத்தாவுக்கே கொடுத்தார். ஏறக்குறைய 70,000 படங்கள். அவற்றுக்காக 1983-இல் அங்கே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். புகைப்படத்துக்கென்றே ஜப்பானில் எழுந்த முதல் அருங்காட்சியகம் அது. அதைத் திறந்தபோது அவர் மருத்துவமனையில் நினைவில்லாமல் படுத்திருந்தார்.

என் விஷயம் சொல்லி முடிக்கிறேன். இப்போது இடது கையால் கையெழுத்துப் போடுகிறேன். தினமும் காலை காப்பிக்குப் பிறகு ஒரு பழைய டைரியில் ஐம்பது தடவை எழுதுவேன். மூன்று மாதம் முன்னால் வங்கிக்குப் போய்ப் புதிய மாதிரிக் கையெழுத்துக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண், என் பேத்தியைவிடக் கொஞ்சம் பெரியவள், அவசரமில்லை சார் என்று காகிதத்தை நழுவாமல் பிடித்துக்கொண்டாள். நான் அந்தப் பென்ஷன்காரருக்குச் செய்யாதது அது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். என்னிடம் ஒரு க்ளிக் த்ரீ காமிரா இருந்தது. கல்லூரி நாட்களில் எங்கள் ஊரில் தெருக்கூத்து நடந்தபோது இரண்டு சுருள் எடுத்தேன். பாதிக்கு மேல் இருட்டு. இந்த பிளாட்டுக்கு வரும்போது, இடம் இல்லை என்று அந்த நெகட்டிவ்களைப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டேன். குண்டு விழவில்லை, தீப்பிடிக்கவில்லை. நானேதான் போட்டேன். உங்கள் பரணில் கூத்தோ நாடகமோ பொம்மலாட்டமோ கோயில் கச்சேரியோ எதுவானாலும், பழைய கறுப்பு வெள்ளைப் படமோ நெகட்டிவோ இருந்தால் தயவுசெய்து எறியாதீர்கள். ஞாயிறு காலை 10 மணி முதல் 12 மணி வரை நான் கிளப் ஹவுஸ் நூலகத்தில் இருப்பேன். கொண்டுவந்தால் ஸ்கேன் செய்து, யார், எந்த ஊர், எந்த வருடம் என்று நீங்கள் சொல்வதை எழுதி வைத்துக்கொள்கிறேன். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். படிக்க முடியும்.

அடுத்த பொங்கலுக்கு முதல் ஐந்து நிமிடம் போனை மடியில் வைத்துக்கொண்டு பார்ப்போமா? அப்புறம் எடுக்கலாம்.

— பி பிளாக்கிலிருந்து, ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்